ஏழு பேர் வண்டியும் ஏழாவது சீட்டும்

இது நடந்தது போன வருஷம் ஆடி மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். திண்டுக்கல்லில் இருந்து சிறுமலைக்கு ஏறும் பாதையில், விலை பேசிக்கொண்டிருந்த ஒரு பழைய வண்டியின் கடைசி சீட்டில் வைத்து நடந்தது. அது எங்களுக்குச் சொந்தமான வண்டி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் நான் அதில் செய்த காரியத்தின் கனம் புரியும்.

எங்கள் வீட்டில் ஏழு பேர். மாமனார், மாமியார், என் வீட்டுக்காரர், நான், ஏழாவது படிக்கும் என் மகள், கொழுந்தன், கொழுந்தன் மனைவி. சின்னாளபட்டிச் சேலைகளை மொத்தமாக எடுத்து வெளியூர்க் கடைகளுக்கு அனுப்புவது குடும்பத் தொழில். வீட்டில் இருந்தது ஒரு சின்ன கார். குடும்பத்தோடு எங்கேயாவது போவதென்றால் டிராவல்ஸில் ஏழு சீட்டு வண்டி ஒன்றை வாடகைக்கு எடுப்போம், ஓட்டுவது வீட்டுக்காரர். இந்த நிலைமையில் மாமனாருக்கு எழுபது வந்தது. எழுபதாவது கல்யாணத்தைத் தை மாசம் திருக்கடையூரில் வைத்துச் செய்வதாகப் பேசிக்கொண்டிருந்தோம். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைப் பார்த்தபடியே, "அதுக்காச்சும் நம்ம சொந்த வண்டியில ஏழு பேரும் ஒண்ணா போகணும்ப்பா" என்றார். அன்றைக்குப் பிடித்தது எங்களுக்குச் சனி.

புது வண்டியா, பழசா என்று மூன்று மாசம் சண்டை. வீட்டுக்காரருக்குப் புதுசுதான் வேண்டும். கொழுந்தனோ, அதே பணத்துக்குப் பழசு வாங்கினால் இதைவிட ஒரு சுற்றுப் பெரிய வண்டி கிடைக்கும் என்பார். அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு போனில் ஆளுக்கொரு வீடியோவைச் சத்தமாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் குழம்பு தாளிக்கும்போதுகூட வீடியோக்காரன் ஒருத்தன் என் காதுக்குள் வந்து டார்க், இழுவை என்று பேசிக்கொண்டிருந்தான். கொழுந்தனுக்கு மேலே கண்ணாடி திறக்கிற வண்டி வேண்டுமாம். திண்டுக்கல் வெயிலுக்குத் தலைக்கு மேலே கண்ணாடி எதற்கு? கேட்டால், "அது ஒரு லுக் அண்ணி" என்பார். வீட்டுக்காரர் எந்தக் கார் கடைக்குப் போனாலும் பாக்கெட்டில் டேப்போடு போவார். கடைசி சீட்டை மடக்கிப் போட்டு, நீளம் அகலம் அளந்து, சேலை பண்டல் எத்தனை ஏறும் என்று கணக்குப் போடுவார். மடக்கின சீட்டை அளந்தாரே ஒழிய, விரித்த சீட்டில் ஒரு நாளும் உட்கார்ந்து பார்க்கவில்லை.

மாமனார் தன் பங்குக்கு நம்பரைக் கூட்டிக்கொண்டிருந்தார். கூட்டினால் எட்டு வரக் கூடாது. புது வண்டி என்றால் நம்பரைப் பார்த்து எடுக்கலாம், பழசில் இருப்பதுதானே கிடைக்கும். நன்றாக இருந்த மூன்று வண்டிகளை எட்டு எட்டு என்றே ஒதுக்கித் தள்ளினார். இதில் ஆடியில் வாங்கவும் கூடாது, பார்த்து வைக்கலாம், ஆவணி பிறந்துதான் கொடுக்கல் வாங்கல் என்று ஒரு சட்டம் வேறு. பழைய கார் விற்கிறவர்கள் எல்லோரும் சொல்லி வைத்தமாதிரி, "ஒரே ஓனர், டாக்டர் வச்சிருந்த வண்டி" என்றார்கள். இத்தனை டாக்டர்கள் இந்த ஊரில் இருந்தும் எங்கள் மாமியாரின் மூட்டுவலி தீராதது ஏன் என்று நான் கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

என்னிடமும் ஒரு அபிப்பிராயம் கேட்டார்கள், பொய் சொல்லக் கூடாது. என்ன கலர் பிடிக்கும் என்று கேட்டார்கள்.

இத்தனை கூத்துக்கும் நடுவில் பெரிய கவலை ஒன்று இருந்தது. கொழுந்தன் மனைவி திருக்கடையூருக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாள். கல்யாணமாகி வந்து நாலு வருஷம் ஆகிறது. முதல் இரண்டு வருஷம் எல்லா இடத்துக்கும் வந்தவள், அப்புறம் ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டாள். ஒட்டன்சத்திரத்தில் நெருங்கின சொந்தக்காரக் கல்யாணம், தலைவலி என்றாள். குலதெய்வம் கோயில், காய்ச்சல் என்றாள். இப்போது எழுபதாவது கல்யாணத்துக்கே, "நான் வீட்டப் பாத்துக்கிறேன், நீங்கள்லாம் போயிட்டு வாங்க" என்றாள். மாமனார் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். மாமியார் அழுதார். அடுத்த நாள் கொழுந்தன், "அவ வராம நானும் வரல. வேற வீடு பாத்துக்கிட்டுப் போயிர்றோம், ஆள விடுங்க" என்று கத்திவிட்டு வெளியே போனார். ஏழு பேருக்காக வண்டி பார்க்க, வீட்டில் ஐந்து பேர்தான் மிஞ்சுவார்கள் போலிருந்தது. அவளுக்குத் திமிர், நம்மோடு ஒட்ட மனசில்லை என்று மாமியாரிடம் தூபம் போட்டது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பைபாஸ் ஓரத்துக் கடையில் ஒரு பெரிய வண்டி வந்திருப்பதாகப் போன் வந்தது. டாக்டர் வண்டிதான், வேறென்ன. நம்பர் கூட்டினால் ஆறு. மேலே கண்ணாடியும் இருந்தது. புதுசுதான் வேண்டும் என்ற வீட்டுக்காரர் உட்பட மூன்று ஆண்களுக்கும் ஒரே வண்டி பிடித்துப்போன அதிசயம் அன்றைக்குத்தான் நடந்தது. கடைக்காரர் சாவியைக் கையில் கொடுத்து, "மலையேத்திப் பாத்துட்டே வாங்க சார், அப்பத்தான் தெரியும்" என்றார். வீட்டுக்காரர் ஓட்ட, மாமனார் முன்னால் உட்கார, நானும் கொழுந்தனும் நடு சீட்டில் ஏறினோம். ஏறும்போதே எனக்கு மூச்சு வாங்கியது.

"படி இம்புட்டு உசரமா இருக்கே, அத்தை எப்புடி ஏறுவாக?" என்று கேட்டேன்.

வீட்டுக்காரர் கண்ணாடியில் தலையை வாரிக்கொண்டே சொன்னார். "ஒனக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்? கலர் புடிச்சிருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மூன்று மாசக் கோபமும் சேர்ந்துகொண்டது. அடிவாரத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது, இவர்கள் பக்கத்திலேயே உட்காரக் கூடாது என்று நடு சீட்டை மடக்கி, குனிந்து நெளிந்து, கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தேன். யாராவது, ஏன் அங்கே போகிறாய் என்று கேட்பார்கள் என்று நினைத்தேன். ஒருத்தரும் கேட்கவில்லை. கொழுந்தன் நடு சீட்டில் காலை நீட்டிக்கொண்டார்.

சிறுமலைப் பாதையில் பதினெட்டு கொண்டை ஊசி வளைவு. மூன்றாவதிலேயே எனக்கு வயிற்றைப் பிரட்டியது. முழங்கால் நெஞ்சில் இடித்தது. பக்கத்தில் இருந்த கண்ணாடி திறக்கிற கண்ணாடி இல்லை. ஏசி காற்று நடு சீட்டோடு நின்றுவிட்டது. பழைய வண்டி வாடை தெரியாமல் இருக்கக் கடைக்காரர் அடித்திருந்த சென்ட் மட்டும் தாராளமாக வந்தது. ஒவ்வொரு வளைவிலும் என் தலை ஒரு பக்கம் போனால் வயிறு இன்னொரு பக்கம் போனது.

"ஏங்க, வண்டிய நிறுத்துங்க" என்றேன். முன்னால் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அண்ணனும் தம்பியும் வண்டியின் இழுவையைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். முன் சீட்டில் ஒருத்தருக்கும் காதில் விழவில்லை. மூன்றாவது தடவை கொழுந்தன் தலையைக்கூட முழுசாகத் திருப்பாமல், "செத்த பொறுங்க அண்ணி, இந்தா மேல போயிரலாம்" என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது என் வார்த்தை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கொடைக்கானல் போய் இறங்கிக்கொண்டிருந்தோம். வாடகை வண்டி. நான் நடு சீட்டில். கடைசி சீட்டில் இருந்து "அக்கா... அக்கா..." என்று கொழுந்தன் மனைவியின் குரல் மெதுவாக வந்தது. நான் பாதித் தூக்கத்தில், திரும்பாமலே, "செத்த பொறுடி, வத்தலக்குண்டு வந்துரும்" என்றேன். வத்தலக்குண்டில் இறங்கினபோது அவள் டீக்கடைக் குழாயில் தன் கைப்பையைத் திருப்பிப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னமோ கொட்டிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டு நான் டீ குடிக்கப் போய்விட்டேன். அவள் அந்தப் பைக்குள் வாந்தி எடுத்திருக்கிறாள் என்பது எனக்கு இப்போது, ஏழாவது வளைவில்தான் உறைத்தது.

எட்டாவது வளைவில் நானும் எடுத்துவிட்டேன். என் கையில் பைகூட இல்லை. டாக்டர் வண்டியின் சீட்டு, தரை, கதவு எல்லாம் போச்சு.

வாடை வந்த பிறகுதான் வண்டி நின்றது. வீட்டுக்காரர் பின்கதவைத் திறந்து முதலில் சொன்ன வார்த்தை, "ஐயையோ, சீட்டு!" நான் உயிரோடு இருக்கிறேனா என்பது இரண்டாவது விஷயம். மாமனார்தான் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்து, என்னை ஒரு கல்லில் உட்கார வைத்தார். கொழுந்தன் பழைய துணி தேடினார். முகத்தைக் கழுவிவிட்டு வீட்டுக்காரரிடம் சொன்னேன்: "இறங்கும்போது நீங்க பின்னாடி உக்காருங்க. அந்தப் பக்கம் சுத்தமாத்தான் இருக்கு." அவர் சிரித்து மழுப்பப் பார்த்தார். மாமனார் அவரை ஒரு பார்வை பார்த்தார். வீட்டுக்காரர் போய்ப் பின்னால் ஏறினார். கொழுந்தன் ஓட்டினார். நாலே வளைவுதான். "ஏய் நிறுத்து, நிறுத்துரா!" என்று பின்னால் இருந்து அலறல். எங்களுக்கு நன்றாகவே கேட்டது, ஏனென்றால் நான் பாட்டை நிறுத்தி வைத்திருந்தேன்.

கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு, வண்டியைக் கழுவக் கொடுத்துவிட்டு வீடு வந்தோம். கொழுந்தன் மனைவி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நேராகப் போய்க் கேட்டேன். அன்றைக்குக் கொடைக்கானலில் இருந்து இறங்கும்போது பைக்குள் வாந்தி எடுத்தாயா? அவள் ஒரு துண்டை உதறிப் போட்டாள். அதற்காகத்தான் எங்கேயும் வர மாட்டேன் என்கிறாயா? ஆமாம் என்று தலையை ஆட்டினாள். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்வதற்கு என்ன, இதற்காகவா வீட்டை இரண்டாக்கப் பார்த்தாய் என்று கத்தினேன்.

அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள். "எப்புடிக்கா சொல்றது? நான் வந்த புதுசுல நீங்கதான சொன்னீங்க. பத்து வருசம் நானும் இதே கடைசி சீட்டுலதான் வந்தேன், ஒரு நாளு வாயத் தொறந்ததில்லன்னு. அம்புட்டுப் பேரு முன்னாடியும் சொன்னீங்க."

சொன்னேன்தான். வண்டி கிளம்பும்போது, அவள் பின்னால் ஏறத் தயங்கியதைப் பார்த்துச் சொன்னேன். அவள் இந்த வீட்டுக்கு வந்த அன்றோடு நான் நடு சீட்டுக்கு வந்துவிட்டேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் வந்தேன். கடைசியாக வீட்டுக்கு வந்தவளுக்குக் கடைசி சீட்டு, எங்களுக்கு அது பெரிய விஷயமாகவே தெரியவில்லை. ஆனால் நான் சொன்னது பச்சைப் பொய். அந்தப் பத்து வருஷமும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு, மடியில் பிளாஸ்டிக் கவரை ஒளித்துவைத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தவள் நான். அதை அந்த மாடியில்தான் முதல்தடவையாக ஒருத்தரிடம் சொன்னேன். அவள் ஈரத் துணியோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்கு இப்போதும் சொல்லத் தெரியவில்லை. எனக்கு அழுகைதான் வந்தது.

அதற்கப்புறம் வண்டி பார்க்கும் முறை மாறியது. எது பிடித்திருக்கிறது என்று சொல்கிறவர், அதன் கடைசி சீட்டில் ரெட்டியார்சத்திரம் வரை போய்த் திரும்பிவந்து சொல்ல வேண்டும். மேல் கண்ணாடிப் பேச்சு இரண்டு ஞாயிறோடு ஓய்ந்தது. டேப் மேசை டிராயருக்குள் போனது. பார்க்க அப்படியொன்றும் எடுப்பாக இல்லாத ஒரு பழைய வண்டி கிடைத்தது. படி தாழ்வு, கடைசி வரிசைக்கும் தனியாக ஏசி, கால் வைக்க இடம். கொழுந்தன் மனைவியே உட்கார்ந்து போய்வந்து சரி என்றாள். ஆவணியில் எடுத்தோம். நம்பரைக் கூட்டினால் எட்டு. மாமனார் சக்கரத்துக்கு அடியில் வைக்கிற எலுமிச்சம்பழத்தை மட்டும் நாலுக்கு எட்டாக வைத்தார்.

தையில் ஏழு பேரும் திருக்கடையூர் போனோம். கொழுந்தன் மனைவி முன் சீட்டில். மாமனார் தானாகவே நடுவுக்கு வந்து மாமியார் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். திருச்சி வரை நானும் மகளும் பின்னால், அதற்கப்புறம் அண்ணனும் தம்பியும் முறை வைத்து. கிளம்பின பத்தாவது நிமிஷத்தில் அவள் திரும்பி, "அக்கா, ஒண்ணும் செய்யலையே?" என்று கேட்டாள். பிறகும் இரண்டு தடவை கேட்டாள்.

ஆண்களுக்குக் காதே கேட்காது என்று அந்தச் சிறுமலைக் கதையைச் சொந்தக்காரர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அவர்களுக்காவது அன்றைக்குப் பாட்டுச் சத்தம் இருந்தது, கொடைக்கானலில் இருந்து இறங்கும்போது அவள் கூப்பிட்டது எனக்கு நன்றாகக் கேட்டது, கேட்டும் நான் திரும்பவில்லை என்பதை மட்டும் இன்னும் யாரிடமும் சொல்ல முடியவில்லை.