நான் போடாமல் விட்ட திகதி

அப்பா இறந்த பிறகு எனக்கு வேலைக்குப் போகவே மனம் வரவில்லை. சுவிஸில், ஓர்லிகோன் வீட்டில் இருந்தபடி, அவர் பாதியில் விட்ட தேடலை எடுத்தேன். ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்துத் தேவாலயத்தில் கட்டாயத்துக்கு ஞானஸ்நானம் எடுத்த எங்கள் சைவ முன்னோரை, பழைய பதிவுகளின் படங்களில் தேடுவது. கிடைத்த பெயர்களை இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வம்சமரமாகப் போட்டேன். எங்கள் செல்லப்பெயர்கள், அம்மாவின் தொலைபேசி எண் எல்லாம் போட்டேன். சொந்தக்காரர் யாராவது கூப்பிடுவார்கள் என்ற ஆசை. செத்தவர்களுக்குத் தெரிந்தவரை இறந்த திகதியும் போட்டேன். அப்பாவுக்கு மட்டும் போடக் கை வரவில்லை.

ஒரு மத்தியானம் அம்மாவுக்கு அழைப்பு வந்தது. ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"மாமி, நான் லோசானில இருக்கிற ரவி. உங்கட பெரியப்பான்ர பேரன்."

"ஓம் தம்பி, சொல்லுங்கோ!" அம்மாவுக்குச் சந்தோஷம்.

"உங்கட பக்கம் கள்ளர் திரியினமாம். நகையை எடுத்து வையுங்கோ, பத்திரமா வைக்கப் பொலிஸ் ஆள் வந்து வாங்குவார். காலமை கிளி மாமாவோடயும் கதைச்சனான். அவரும் குடுக்கச் சொன்னவர்."

கிளி, வீட்டுக்குள் அப்பாவைக் கூப்பிடும் பெயர். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"அவரை எரிச்சு, சாம்பலும் கரைச்சாச்சு. நீர் எங்க போய்க் கதைச்சனீர்?"



"சுதனும் பக்கத்திலயோ நிக்கிறான்?" என்று அவன் கேட்டுவிட்டு அழைப்பை வைத்துவிட்டான். சுதன் நான்தான்; என் பெயரும் அந்த மரத்தில் இருந்தது.

இப்போது வாசல் மணி அடித்தால் யாரென்று தெரியாமல் நாங்கள் திறப்பதில்லை. உயிரோடு இருப்பவர்கள் எல்லோரையும் அந்த மரத்திலிருந்து எடுத்துவிட்டேன். அப்பாவை எடுக்கவில்லை. அவருடைய திகதியை அன்றைக்கே போட்டேன்.