ஏழாம் வசனத்துக்கு முன்னால்

ஆவடி பாக்டரி குவார்ட்டர்ஸில் ஜெயசீலியின் கையெழுத்தை அறியாத கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றுகூட இல்லை. புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் சபையார் வரிசையில் நின்று, எவர்சில்வர் தட்டிலிருந்து ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். அதில் இருக்கும் பைபிள் வசனம் அந்த வருஷம் முழுவதற்கும் கடவுள் தனக்கென்றே கொடுத்த வாக்கு என்று பர்சிலும் பீரோக் கதவிலும் பத்திரப்படுத்துவார்கள். நூற்றிருபது அட்டைகளையும் கைப்பட எழுதுகிறவள் ஜெயசீலிதான். நவம்பரிலேயே பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்ட உட்கார்ந்துவிடுவாள். அச்சடித்த அட்டைகளையே வாங்கிவிடலாமே என்று போதகர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அவள் பார்த்த பார்வையில் மனுஷன் அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எழுபத்தொன்பதில் கல்யாணமாகி வந்தவள். கணவன் பால்ராஜ் டாங்க் பாக்டரியில் வெல்டர். பைபிளை முதலிலிருந்து கடைசிவரை ஆறு தடவை வாசித்தவள் என்பதை, அவளோடு பத்து நிமிஷம் பேசிய யாரும் தெரிந்துகொள்ளாமல் போனதில்லை. வியாழக்கிழமை மத்தியானங்களில் பெண்களுக்கான வேதபாடம் அவள் வீட்டில்தான் நடக்கும். ஒரு வசனத்தை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுவாள். நன்றாகவே பேசுவாள், அதை யாரும் மறுக்க முடியாது. கேட்கிற பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் எழுந்திருப்பார்கள்.

அவளுக்கென்று ஒரு வசனம் உண்டு. பைபிளில் யோபு புத்தகம், எட்டாம் அதிகாரம், ஏழாம் வசனம். தொடக்கம் அற்பமாக இருந்தாலும் முடிவு நிறைவாக இருக்கும் என்று சொல்கிற வசனம். ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு ஸ்டவ்வுமாகக் குடித்தனம் தொடங்கிய வீட்டில் இன்றைக்கு பிரிட்ஜ் நிற்கிறது. வசனம் பலித்துவிட்டது என்று அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தாள். யாருக்குக் கஷ்டம் வந்தாலும் அதையே எழுதிக் கொடுப்பாள். தொண்ணூறில் பக்கத்து பிளாக் வசந்தகுமாரியின் நாலு வயசு மகன் மூளைக்காய்ச்சலில் போனபோது, இருந்ததிலேயே நல்ல அட்டையைத் தேடி எடுத்து, ஓரத்தில் பொன்நிறக் கோடிட்டு, அதே வசனத்தை எழுதிக் கொடுத்தாள். வசந்தகுமாரி அதைத் தன் பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள்.

தொண்ணூற்றிரண்டில் சென்னை பாடியிலிருந்து சுசீலா வந்து சேர்ந்தாள். கணவன் ஜேம்ஸுக்கு பாக்டரியில் வேலை கிடைத்திருந்தது. அவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ரெடிமேட் கம்பெனியில், தைத்த சட்டைகளில் குறை பார்க்கும் செக்கிங் வேலை. கல்யாணத்துக்கு அப்புறம் விசுவாசத்துக்கு வந்தவள், பைபிளைக் கையில் எடுத்து எட்டு வருஷம்கூட ஆகவில்லை. வீடு மாற லீவு போட்டிருந்த முதல் வியாழக்கிழமையே வேதபாடத்துக்கு வந்து, ஜெயசீலி மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் கேட்டாள்.

"இத்த யாரு, யாராண்ட சொன்னாங்கக்கா?"

கடவுள் நமக்குச் சொன்னது, வேறு யார் என்றாள் ஜெயசீலி. சுசீலா தலையை ஆட்டினாள். ஆனால் விரல் பைபிளில் அந்த வசனத்துக்கு முந்தைய பக்கத்தைப் புரட்டியது. அந்த ஒரு பக்கத்தை ஜெயசீலி கடைசிவரை மறக்கவில்லை.

சில மாதங்களில், அரைநாள் வேலை முடிந்து வருகிற சனிக்கிழமைகளில் சுசீலா வீட்டிலும் பெண்கள் கூட ஆரம்பித்தார்கள். அங்கே பிரசங்கம் கிடையாது. ஒரு புத்தகத்தை எடுத்தால் வாரம் ஓர் அதிகாரமாக முடிவுவரை வாசிப்பது. யார் பேசுகிறார், யாரிடம், எதற்காக, முன்னே என்ன இருக்கிறது, பின்னே என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே போவது. சட்டையை வெளிப்பக்கம் மட்டும் பார்த்து பாஸ் பண்ணினால் அது திரும்பி வந்துவிடும், உள்பக்கத் தையலையும் பார்க்க வேண்டும், வசனமும் அப்படித்தான் என்று சுசீலா சொன்னாளாம். கேட்டுவிட்டு வந்த பெண்கள் அதை ஜெயசீலியிடமே வியந்து சொன்னார்கள்.

ஜெயசீலிக்கு வயிறு எரிந்தது. இன்னா, கீது என்று பேசுகிறவள் வேதபாடம் எடுக்கிறாள், இதுகளும் வாயைப் பிளந்துகொண்டு கேட்கின்றன. வியாழக்கிழமைக் கூட்டம் பதினாலிலிருந்து ஐந்தாகக் குறைந்தது. முறுக்கு சுட்டு வைத்தாள், காபியைக் கெட்டிப் பாலில் போட்டாள், ஐந்து ஆறாகவில்லை. சனிக்கிழமை பால் பூத்துக்குப் போகிற சாக்கில் சுசீலா வீட்டைக் கடந்து போவாள். வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணாமல் அவளால் தாண்ட முடியாது. பன்னிரண்டு ஜோடி, பதின்மூன்று ஜோடி. அதில் வசந்தகுமாரியின் நீலவார்ச் செருப்பைப் பார்த்த அன்றைக்குப் பாலை வாங்க மறந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். தகுதியில்லாதவர்கள் பாடம் எடுத்தால் சபை என்ன ஆகும் என்று போதகரிடம் முறையிட்டாள். நீங்களும் ஒருநாள் போய்க் கேட்டுவிட்டுச் சொல்லுங்களேன் என்றார் அவர். அதுவும் அவளுக்குச் சுசீலா செய்த சதியாகவே பட்டது.

தொண்ணூற்றுமூன்று ஆகஸ்டில் வசந்தகுமாரி அவளிடம் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாள். சனிக்கிழமைகளில் யோபு ஓடுகிறது. போன வாரம் ஏழாம் அதிகாரம், இந்த வாரம் ஒன்பது.

"எட்டு?" என்றாள் ஜெயசீலி.

சுசீலா எட்டை விட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டாளாம்.

ஜெயசீலிக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. அவளுடைய அதிகாரம். ஒன்று, சுசீலாவுக்கு அது புரிந்திருக்காது. இல்லை, தன் வசனம் என்பதால் வேண்டுமென்றே ஒதுக்கியிருக்கிறாள். எதுவாக இருந்தாலும் ஆள் அகப்பட்டுக்கொண்டாள். வீட்டுக்குப் போய் அதிகாரத்தை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. சுவரிலேயே மாட்டியிருக்கும் வசனத்தில் புதிதாகப் பார்க்க என்ன இருக்கிறது?

சனிக்கிழமை பட்டுக்கரைச் சேலை கட்டிக்கொண்டு சுசீலா வீட்டுக்குப் போனாள். நாற்காலி போட்டார்கள், உட்கார்ந்தாள். ஜெபம் முடிந்ததும், முன்னும் பின்னும் பார்க்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் நடுவில் ஓர் அதிகாரத்தைத் தாண்டுவது என்ன முறை என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள்.

சுசீலாவின் முகம் மாறியது. "இன்னிக்கு வோணாம்க்கா. அப்பால உங்க ஊட்டுக்கு வந்து பேசுறேன்."

பயந்துவிட்டாள் என்றே ஜெயசீலி நினைத்தாள். விடுவாளா? "வசந்தா, நீ வாசி. முதல் வசனத்திலிருந்தே வாசி."

வசந்தகுமாரி அட்டை வைத்திருந்த பக்கத்தை எளிதாகத் திறந்தாள். யோபுவின் சிநேகிதன் பில்தாத் பேசத் தொடங்குகிறான். பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற தகப்பனிடம் பேசுகிறான். நாலாம் வசனத்துக்கு வந்ததும் வசந்தகுமாரியின் குரல் மெலிந்தது. உன் பிள்ளைகள் பாவம் செய்தார்கள், அதனால்தான் கடவுள் அவர்களை அந்தப் பாவத்தின் கையில் விட்டுவிட்டார் என்று பில்தாத் அந்தத் தகப்பன் முகத்தைப் பார்த்துச் சொல்கிறான். அந்த வாய்தான் மூன்று வசனம் தள்ளி, உன் முடிவு நிறைவாக இருக்கும் என்றும் சொல்கிறது. இப்படிப் பேசிய சிநேகிதர்கள்மேல் கடவுள் கடைசியில் கோபப்படுவதை, கதை எங்கே போகிறதென்று தெரிய முடிவையும் புரட்டிப் பார்த்த முதல் வாரமே அந்தப் பெண்கள் வாசித்திருந்தார்கள்.

வசந்தகுமாரி ஏழாம் வசனத்தை வாசிக்கவில்லை. அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வருஷம் அதைத் தொட்டுத் தொட்டு பொன்நிறக் கோடு மங்கியிருந்தது.

எதற்காக எட்டாம் அதிகாரம் தாண்டப்பட்டது என்பது ஜெயசீலிக்கு அப்போதுதான் விளங்கியது. யாருக்காக என்பதும் விளங்கியது. வசந்தகுமாரிக்காக மட்டும் இல்லை.

"அக்கா அன்பாத்தான் குட்தாங்க வசந்தா," என்றாள் சுசீலா. "தப்பு சொன்னவனோடது."

அதையும் இவளே சொல்ல வேண்டியிருந்ததே என்று ஜெயசீலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நிலைமையிலும் வந்தது. தனக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. வசந்தா, மன்னிச்சுக்கோ என்று சொல்ல அவள் பக்கம் திரும்பினாள்.

வசந்தகுமாரி அழவில்லை. அட்டையையும் ஒரு பேனாவையும் அவளிடம் நீட்டினாள்.

"யார் சொன்னதுன்னு இதுல எழுதிக் குடுங்கக்கா."

ஜெயசீலி நாற்காலியிலிருந்து இறங்கிப் பாயில் உட்கார்ந்தாள். வசனத்துக்குக் கீழே பில்தாத் என்று எழுதினாள். எழுத்து கோணலாக வந்தது. வசந்தகுமாரி மை காயும்வரை ஊதிவிட்டு, அட்டையைப் பழைய இடத்திலேயே வைத்து பைபிளை மூடினாள். சுசீலா ஒன்பதாம் அதிகாரத்தை ஆரம்பித்தாள்.

முடிந்து வெளியே வந்த ஜெயசீலி, பழக்கதோஷத்தில் வாசலில் நின்று செருப்புகளை எண்ணினாள். பதினைந்து ஜோடி இருந்தது, அவளுடையதையும் சேர்த்து.