ஒரே ஒரு சந்தாதாரர்

கமில் ரூஷிச்கா சட்டைக்கு இஸ்திரி போட்டால், அவருடைய கம்பெனியில் ஏதோ நிபந்தனை மாறிவிட்டது என்று அர்த்தமாம். மொராவியாவின் இந்த மூலையில் பியர்க்கடைப் பேச்சு இது. விசாரித்ததில், வதந்திதான் உண்மையைவிட அடக்கமாக இருக்கிறது. சென்ட்டும் போட்டுக்கொள்கிறார்.

கம்பெனி என்பது கூரைமேல் ஓர் ஆன்டெனா. ஒரு காலத்தில் பள்ளத்தாக்கு முழுக்க இணையம் கொடுத்தது. இப்போது மிச்சம் ஒரே சந்தாதாரர்: ஓடைக்கு அந்தப்பக்க மேட்டில் யர்மிலா. முன்னாள் மனைவி.

இங்கே இந்தத் தொழிலுக்கு உரிமம் கேட்டு யார் வாசலிலும் நிற்க வேண்டாம்; தொலைத்தொடர்பு ஆணையத்துக்கு ஓர் அறிவிப்பு போதும். விதிகள் அதற்கப்புறம்தான் வந்து மொய்க்கும். மற்றவர்கள் சபிப்பார்கள். கமிலுக்கோ அதில் ஒன்று உயிர்: நிபந்தனை எது மாறினாலும் சந்தாதாரருக்கு ஒரு மாதம் முன்பே தெரிவிக்க வேண்டும். நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இருந்தாலும், புகார் கேட்கும் நேரத்தைக் காலையிலிருந்து மாலைக்கு மாற்றுவார். பனி உருகியதும் மாலையிலிருந்து காலைக்கு. மாற்றிவிட்டு, ஓடையைத் தாண்டிப் போய்க் கதவைத் தட்டுவார்.

அதே விதியின் அடுத்த வரியில்தான் முள். மாற்றம் பிடிக்காவிட்டால் அந்த ஒரு மாதத்துக்குள் சந்தாதாரர் அபராதமின்றி விலகிக்கொள்ளலாம். அதையும் ஒவ்வொரு தடவையும் வாசித்துக் காட்டுவார்.

இந்த வசந்தத்தில் யர்மிலாவின் தெருவுக்குப் பெரிய கம்பெனியின் கேபிள் வந்துவிட்டது. பாதி விலை. கமில் பேசாமல் வீட்டில் இருந்திருக்கலாம். இஸ்திரி போட்டார்.

"இந்தத் தடவை என்னத்தை மாத்தினே?"

"புகார் நேரம். இனிமே காலையில."

"நான் என்னிக்காவது புகார் பண்ணியிருக்கேனா?"

"இல்லியே. சொல்லாமத்தானே போனே."

யர்மிலா சிரிக்கவில்லை. முதல் தடவையாக மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு தாளை வாசித்தார். "அப்போ மாசக் கடைசிக்குள்ள நான் விலகிக்கலாம்?"

"விலகிக்கலாம். விதி."

"மழை பெஞ்சா உன் நெட்டு படுத்துக்குது, கமில்."

"நானும்தான்."

யர்மிலா உள்ளே போய், ஒரு தட்டில் பிளம் பழம் வைத்துச் சுட்ட ரொட்டிகளோடு வந்தார். "தட்டைத் திருப்பிக் கொண்டா. அப்போ சொல்றேன்."

ரொட்டி தீர்ந்து நாளாயிற்று. தட்டு கமில் வீட்டிலேயே இருந்துவிட்டால் மாதம் கழிந்துவிடும். விலகும் உரிமையும் கூடவே கழிந்துவிடும். ஆனால் தட்டு இல்லாமல் எந்தச் சாக்கில் அந்த வாசலுக்குப் போவது?

இன்று மாதக் கடைசி நாள். காலையிலேயே சட்டை தயார். தட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஓடைப் பாலம்வரை போனார் கமில். அங்கே நின்று துண்டைப் பிரித்துப் பார்த்தார். விளிம்பில் ஏதோ பிசுக்கு இருப்பதுபோல் தோன்ற, வீட்டுக்குத் திரும்பி, மறுபடியும் கழுவ ஆரம்பித்தார்.