உள்ளே வராதவருக்குப் போட்ட மதிப்பெண்

எங்கள் நீரேற்று நிலையத்தில் அவரை எல்லோரும் வால்வு அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவரைவிட இருபது வயது மூத்த வாட்ச்மேன்கூட அப்படித்தான். ஊருக்குத் தண்ணீர் அனுப்பும் முப்பத்தெட்டு வால்வுகளில் எது எத்தனை சுற்றில் மூடும், எது பாதியில் சிக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஓர் இரும்புக் கம்பியின் ஒரு முனையைக் குழாயில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக் கண்ணை மூடுவார். "இங்க இல்லை, அந்த வளைவுக்கு அப்பால" என்பார். தோண்டினால் கசிவு அங்கேதான் இருக்கும். பத்தொன்பது ஆண்டுகளில் அவர் சொல்லித் தோண்டிய இடங்கள் இருநூற்றுப் பதினான்கு. அதில் ஏமாந்தது ஒன்பது. பராமரிப்புப் பதிவேட்டை எழுதியவன் நான் என்பதால் கணக்கு எனக்குத் தெரியும்.

இவ்வளவு தெரிந்தவர் பத்தொன்பது ஆண்டும் உதவியாளராகவே இருந்தார். ஷிப்ட் மேற்பார்வையாளர் ஆவதற்கு நேர்காணலில் தேற வேண்டும். அது மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். நாற்பத்தைந்து வயது தாண்டினால் விண்ணப்பிக்க முடியாது. நான் சொல்லப்போகும் நேர்காணலின்போது அவருக்கு நாற்பத்து நான்கு வயது ஏழு மாதம். இதை விட்டால் ஓய்வு பெறும்வரை ஸ்பேனரும் கையுமாகத்தான் நிற்க வேண்டும்.

நேர்காணல் அறையில் கதவோரம் எனக்கு ஒரு மேசை உண்டு. கேள்வி, பதில், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் நான்கையும் எழுதுவது என் வேலை. அதனால் அதற்கு முந்தைய நேர்காணலில் அவரை எப்படிக் கழித்துக் கட்டினார்கள் என்பதும் என்னிடம் எழுத்தில் இருக்கிறது. "பைப் உடைஞ்சிடுச்சு, என்ன செய்வீங்க?" என்று தலைமைப் பொறியாளர் கேட்டார். "எந்த பைப் சார்?" என்றார் இவர். அவ்வளவுதான். மதிப்பெண் தாளில் பொறியாளர் எழுதிய குறிப்பு: "கேள்விக்குக் கேள்வி கேட்கிறார். பணிவு போதாது."

எந்தக் குழாய் என்று கேட்காமல் வால்வை மூட ஓடுகிறவனுக்குப் பெயர் பணிவானவனா? அந்த முறை "உடனே மூடிடுவேன் சார்" என்று சொன்னவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அவர் இரண்டாம் மாதமே தவறான வால்வை மூடி, ஆஸ்பத்திரிக்குப் போகும் தண்ணீரை ஐந்து மணி நேரம் நிறுத்தினார். போய்த் திறந்துவிட்டவர் வால்வு அக்கா.

இந்த முறை அவர் ஒரு மாதம் பயிற்சி எடுத்தார். கணவர் தையற்காரர். தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே கேள்வி கேட்பாராம். வால்வு அக்காவே பிறகு என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க."

"உங்களுக்குத் தெரியாததா?"

"நான் இப்ப உன் புருஷன் இல்லை. ஆபீசர்."

"ஆபீசர்னா முதல்ல அந்த ஓட்டை பனியனை மாத்துங்க."

குழாய்க் கேள்வி வந்ததும் இருவருக்கும் சண்டை. "திருப்பிக் கேக்காதே, பதிலைச் சொல்லு" என்றாராம் கணவர்.

"கேக்காம எப்படிங்க சொல்றது? நீங்க அளவு எடுக்காம துணியை வெட்டுவீங்களா?"

கணவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்து யோசித்திருக்கிறார். "சரி, அளவு எடுக்கப்போறேன்னு சொல்லிட்டு எடு. ஒண்ணும் சொல்லாம டேப்பைக் கழுத்துல போட்டா யாரா இருந்தாலும் மிரளத்தான் செய்வாங்க."

நேர்காணல் நாள் வந்தது. ஏழு பேர். தேர்வுக் குழுவில் தலைமைப் பொறியாளர், மேலாளர், வெளியூரிலிருந்து வந்த வல்லுநர் என்று மூவர். முதலில் உள்ளே போனவர் ஸ்டோர்காரர், பொறியாளரின் மைத்துனர். வால்வைக் கணக்கில் ஏற்றியிருக்கிறார், கையால் திறந்ததில்லை. என் குறிப்பேட்டில் முதல் கேள்வி, மேலாளர் கேட்டது: "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" பதில்: "அத்தானைத்தான் கேக்கணும் சார், அக்கா அங்கதானே இருக்கா." பிறகு சிரிப்பு, தேநீர். இருபத்திரண்டு நிமிடம். வேலையைப் பற்றி ஒரே ஒரு கேள்வி.

வால்வு அக்காவின் பெயர் பட்டியலில் நான்காவது. பதினொன்று ஐந்துக்கு இரண்டாவது பம்ப் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்க ஆரம்பித்தது. காத்திருந்தவர்களில் எழுந்து ஓடியது அவர் ஒருவர்தான். ஓடுமுன் கதவருகே வந்தார். "சார், நான் போகலைன்னா மோட்டார் கருகிடும். என்னைக் கடைசில கூப்பிடச் சொல்லுங்க."

உள்ளே சொன்னேன். பொறியாளர் தலை நிமிரவில்லை. "சரி சரி, அடுத்த ஆளை அனுப்பு." நேரம் பதினொன்று ஏழு. எழுதிக்கொண்டேன்.

பன்னிரண்டு இருபதுக்கு ஏழாவது ஆள் வெளியே போனார். மூவரும் கையெழுத்திட்ட மதிப்பெண் தாளை மேலாளர் என் மேசையில் வைத்தார். எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் தேதியும் நேரமும் உள்ள முத்திரையைக் குத்திவிட்டுத்தான் படிப்பேன். குத்தினேன். படித்தேன்.

நான்காவது வரிசை காலியாக இல்லை. தொழில் அறிவு பதினொன்று, பேச்சு ஆறு, பணிவு மூன்று. மொத்தம் நூற்றுக்கு இருபது. பக்கத்தில் குறிப்பு: "கேள்விக்குக் கேள்வி கேட்கிறார். பணிவு போதாது." மூன்று ஆண்டுக்கு முன்பு எழுதிய அதே வரி. புதிதாகத் திட்டக்கூட அவர்களுக்குச் சோம்பல்.

"இன்னும் ஒருத்தர் வரணும் சார்" என்றேன்.

"யாரு?"

"நாலாவது. பம்ப் பாக்கப் போனவங்க."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பொறியாளர் கையை நீட்டினார். "அந்தத் தாளை இப்படிக் கொடு."

"முத்திரை குத்தியாச்சு சார்."

"குத்தினா என்னய்யா? என்ன பெரிய கல்வெட்டா?"

"வாங்கின தாளைத் திருப்பித் தர விதி இல்லை சார். வேணும்னா நகல் தரேன்."

பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு வால்வு அக்கா வந்தார். சட்டைக் கை தோள்வரை நனைந்திருந்தது. உட்காரச் சொல்லவில்லை, அவரே உட்கார்ந்தார். பொறியாளர் அதே கேள்வியைக் கேட்டார்: "பைப் உடைஞ்சா என்ன செய்வீங்க?"

"ஒவ்வொரு பைப்புக்கும் ஒவ்வொரு மாதிரி செய்யணும் சார். அதனால கேட்டுக்கறேன். பெரிய லைனா, தெரு லைனா?"

வல்லுநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வால்வு அக்கா இரண்டுக்கும் தனித்தனியாகச் சொன்னார்: எந்த வால்வு முதலில், யாருக்குத் தகவல், ஆஸ்பத்திரிக்கு மாற்று வழி எது, போன மழைக்காலத்தில் தானே அப்படிச் செய்தது எப்படி. அத்தனையையும் நான் எழுதினேன். எதிரே மூன்று பேனாக்களும் மூடியபடியே கிடந்தன.

அவர் அதைப் பார்த்துவிட்டார். "நீங்க எழுத மாட்டீங்களா சார்?"

"எல்லாம் மனசுல வெச்சிருக்கோம்மா" என்றார் மேலாளர். நான்கு நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் முடிவு ஒட்டப்பட்டது. ஸ்டோர்காரர். வால்வு அக்கா என் அறைக்கு வந்து, தன் பதிவின் நகல் வேண்டும் என்றார். விண்ணப்பித்தவருக்கு அந்த உரிமை உண்டு. அதுவரை யாரும் கேட்டதில்லை. என் குறிப்பேட்டின் பக்கத்தையும் மதிப்பெண் தாளில் அவர் வரிசையையும் நகலெடுத்துக் கொடுத்தேன். முத்திரையைப் படித்தார். வந்த நேரத்தைப் படித்தார். மறுபடி முத்திரையைப் படித்தார்.

"நான் அங்க தண்ணியில நின்னுக்கிட்டு இருந்தப்ப, இவங்க இங்க உக்காந்து எனக்குப் பணிவு மார்க் போட்டாங்களா?"

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்று மட்டும்தான். வராந்தாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

குடிநீர் வாரியத் தலைவருக்குப் புகார் எழுதினார். "நல்லா நாலு வார்த்தை திட்டி எழுது" என்றாராம் கணவர். "திட்டினா திட்டை மட்டும்தான் படிப்பாங்க. நேரத்தை எழுதறேன், படிக்கட்டும்." புகார் மொத்தம் ஐந்து வரி. விசாரணையில் பொறியாளர் என் முத்திரைக் கடிகாரம் பின்தங்கி ஓடியது என்றார். தினமும் காலை எட்டு மணிக்கு பம்ப் பதிவேட்டோடு அதைச் சரிபார்த்துக் கையெழுத்திட்ட ஏட்டை எடுத்து வைத்தேன். பேச்சு அதோடு நின்றது.

அந்த நேர்காணல் ரத்தானது. வயதைப் பழைய அறிவிப்புத் தேதியை வைத்தே கணக்கிட உத்தரவு வந்தது. புதுக் குழுவுக்குத் தலைமை தாங்கிய அம்மையார் எல்லோரையும் ஒரே ஆறு கேள்விகள் கேட்டார். பதிலை எழுதினார். ஆள் வெளியே போய்க் கதவு மூடிய பிறகே மதிப்பெண் தாளைத் திருப்பினார். குழாய்க் கேள்விக்கு வால்வு அக்கா எந்த லைன் என்று கேட்டபோது, "அதைக் கேப்பீங்களான்னுதான் பாத்தேன். பெரிய லைன், சொல்லுங்க" என்றார். முப்பத்தொரு நிமிடம். எண்பத்து நான்கு மதிப்பெண். முதலிடம்.

பொறியாளருக்குக் கிடைத்தது, "இனி கவனமாக இருக்கவும்" என்று ஒற்றை வரிக் கடிதம். அதன் நகலைக் கோப்பில் சேர்க்கும்போது எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அன்றே பழைய கோப்புகளை இறக்கினேன். பதினோரு ஆண்டில் எல்லாப் பதவிகளுக்கும் நடந்த நேர்காணல் தாள்களில் நான்கில், கடைசி ஆள் உள்ளே வருமுன்னரே முத்திரை விழுந்திருந்தது. குத்தியவன் நான். ஒருமுறைகூட நேரங்களை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அந்த நால்வரில் இருவர் வேலையை விட்டே போய்விட்டார்கள். இதை எழுதும்போதும் அந்தக் கோபம் ஆறவில்லை; அதில் எனக்கும் பங்கு உண்டு.

வால்வு அக்கா நியமன ஆணையை வாங்கிய அன்று பொறியாளர் வராந்தாவில் அவரை நிறுத்தினார். "வாழ்த்துகள்மா. பழசை மறந்துடுங்க."

"மறக்க மாட்டேன் சார்" என்றார் வால்வு அக்கா. "நான் உள்ளயே வரலைங்கறதை நீங்க மூணு பேரும் மறந்துட்டீங்க. ஒருத்தராவது ஞாபகம் வெச்சுக்க வேணாமா?"

ஆணையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு பம்ப் அறைக்குப் போனார்.