சப்மரின் மாமா

துறைமுகத்துத் தண்ணீருக்குள் வெடி போடும்போதெல்லாம் பக்கத்தில் கொட்டாஞ்சேனையில் இருந்த மாமா வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டி நடுங்கும். போர்க்காலம். யாராவது நீருக்கடியில் நீந்தி வந்து கப்பல்களுக்குக் குண்டு வைத்துவிடுவார்களோ என்ற அச்சத்தில் கடற்படைக்காரர் அந்த வெடிகளைப் போட்டார்கள். உள்ளே ஆள் இருந்தால் நெஞ்சு வெடித்துச் செத்துப்போவான் என்று மாமா ஒருமுறை சொன்னார். மழை வரும் என்று சொல்வதுபோலச் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

மாமா என் அம்மாவின் அண்ணன். துறைமுகத்தில் சுழியோடியாக இருந்தவர். தண்ணீருக்குள் மூழ்கிப்போய்க் கப்பலின் அடியில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டுவதும், சிக்கிய கயிறுகளை வெட்டி எடுப்பதும் அவர் வேலை. மாமா வீடு இருந்த குறுகிய ஒழுங்கையில் குடியிருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரக் கடற்படைக் காலத்திலிருந்தே துறைமுகத்தை நம்பிப் பிழைத்த குடும்பங்கள். வீட்டுக்கு ஒரு கப்பல் கதை இருக்கும். மாமாவின் கதை ஒரு நீர்மூழ்கிக் கப்பலைப் பற்றியது. சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்களில் அது துறைமுகத்துக்கு வந்ததாம். மாமா அதன் வயிற்றுக்கடியில் போய்ச் சுரண்டிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து யாரோ இரும்பில் தட்டியிருக்கிறார்கள். இவரும் வெளியேயிருந்து திருப்பித் தட்டினாராம். அதைச் சொல்லிச் சொல்லியே ஒழுங்கையில் அவருக்கு ‘சப்மரின்’ என்று பெயராகிவிட்டது.

போர் வந்த பிறகு அந்தப் பெயரைக் கேட்டாலே மாமிக்கு வியர்க்கத் தொடங்கியது. தமிழன், அதுவும் தண்ணீருக்கடியில் மூச்சடக்கத் தெரிந்த தமிழன். மாமி வீடு வீடாகப் போய், “அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடாதீங்க, பிள்ளைகளிட்டயும் சொல்லி வையுங்க” என்று கெஞ்சினார். சிங்கள வீடுகளிலும் தலையாட்டினார்கள். மாமா தானாகவே கேட்டுக் கரையில் ஸ்டோர்ஸ் வேலைக்கு மாறிக்கொண்டார். அவர் காலில் மாட்டி நீந்தும் ரப்பர்ச் செட்டைகளை மாமி மீன் வெட்டும் கத்தியால் துண்டு துண்டாக்கி, வெவ்வேறு தெருக் குப்பைகளில் போட்டார். மாமா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நான் அப்போது கோட்டைப் பகுதியில் ஒரு அலுவலகத்தில் டைப்பிஸ்டாக வேலை செய்தேன். வீடு வெள்ளவத்தையில். ஞாயிற்றுக்கிழமைகளில், சோதனைச் சாவடிகளில் காட்டுவதற்காக அடையாள அட்டையைக் கைக்குள்ளேயே பிடித்துக்கொண்டு பஸ் ஏறி மாமா வீட்டுக்குப் போவேன். அப்படி ஒரு ஞாயிறு, நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வாசலில் ஜீப் வந்து நின்றது. சீருடையில் மூன்று பேர். முன்னால் வந்தவர் சிங்களத்தில் கேட்டார்: “சப்மரின் என்பது யார்?”

மாமி எழும்பி, பாதிச் சாப்பாட்டில், சோற்றுக் கையோடு, தெரிந்த சிங்களத்தில் கத்தினார். இவருக்கு நீந்தவே தெரியாது, கடலைக் கண்டாலே பயம் என்றார். மாமா மெதுவாகக் கையைக் கழுவினார். “நான்தான் சேர்” என்றார். சட்டையைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்து, “மகள், மாமிய விட்டுட்டுப் போயிடாத” என்று மட்டும் சொன்னார். எங்கே கொண்டுபோகிறார்கள் என்று நான் கேட்டேன். ஜீப் புறப்பட்டுவிட்டது.

அப்படிக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பி வராதவர்களை எங்களுக்குத் தெரியும். பொலிஸுக்குப் போவோம் என்றேன். மாமி விடவில்லை. கேட்கப்போனால் இல்லாத சந்தேகமும் வந்துவிடும் என்றார். பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா வந்து, மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். தட்டுகளில் சோறு காய்ந்தது. அன்று பின்னேரம் முழுவதும் துறைமுகத்திலிருந்து ஒரு வெடிச் சத்தமும் வரவில்லை. மற்ற நாளென்றால் நிம்மதியாக இருந்திருக்கும். அன்று நான் சன்னலைத் திறந்து வைத்து, அடுத்த வெடிக்காகக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பொழுது சாயும் நேரத்தில் மாமா நடந்து வந்தார். தலை ஈரம், சட்டைப் பொத்தான்கள் மாறிப் பூட்டியிருந்தன. கூடவே, அவர் சுழியோடியாக இருந்தபோது மேற்பார்வை பார்த்த பழைய ஃபோமன், ஒரு வயதான சிங்களவர். மாமி மாமாவின் முகத்தையும் கைகளையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அழுதார்.

நடந்ததை மாமா சொன்னார். ஒரு கப்பலின் அடியில் ஏதோ கறுப்பாக ஒட்டியிருப்பதைக் கடற்படைக்காரர் கண்டு, குண்டென்று பயந்திருக்கிறார்கள். அவர்களுடைய சுழியோடிகள் வேறு இடத்தில். அந்தக் கப்பலின் அடியை அறிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்று சொன்னவர் ஃபோமன்தான்.

“நீங்களா காட்டிக் குடுத்தீங்க?” என்றார் மாமி.

“ஓம் நோனா, நான்தான் சொன்னது” என்றார் அவர் உடைந்த தமிழில். “ஆனா இவர்ட இடுப்புக் கயிறு நான் பிடிச்சது. வேற ஆள் கையில குடுக்க இல்ல.”

வெடி போடும் படகுகளை நிறுத்தினால்தான் மாமாவை இறக்க விடுவேன் என்று நின்றவரும் அவர்தானாம். கீழே இருந்தது ஒரு பழைய வலையும் அதில் சிக்கிய தகரப் பீப்பாயும். மாமா மேலே வந்தபோது, அப்போதுதான் காவலுக்கு மாறி வந்த ஒரு இளம் சிப்பாய், தண்ணீரிலிருந்து எழும்பிய தலையைக் கண்டதும் துவக்கை நீட்டிவிட்டான். ஃபோமன் கயிற்றை விடாமலே துவக்குக்கு முன்னால் போய் நின்று, “அப்பே மினிஹா! அப்பே மினிஹா!” என்று கத்தியிருக்கிறார். எங்கட ஆள், எங்கட ஆள் என்று.

மாமி அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. பிறகு மாமாவிடம் கேட்டார், “குண்டெண்டு நினைச்சுக்கொண்டு எப்பிடி இறங்கினீங்க? பயமா இருக்கல்லயா?”

மாமா தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார். “கீழ எனக்கென்ன பயம்? கீழ இருட்டு, அவ்வளவுதான். மேல வரத்தான் பயமா இருந்திச்சு. தலைய வெளிய எடுத்தா யாரு நிக்கிறாங்களோ எண்டு. பீப்பாயப் பாத்த பிறகும், மூச்சு முட்டும்வரைக்கும் கீழேயே இருந்திட்டன்.”

மாமா இறந்து பல வருடங்களாகிவிட்டன. போரும் முடிந்துவிட்டது. பின்னேரங்களில் என் பேரப்பிள்ளைகளை வெள்ளவத்தைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். அவர்கள் அலைக்குள் மூழ்கி, எங்கே காணோம் என்று என்னைத் தேடவிட்டுச் சிரித்துக்கொண்டு எழும்புவார்கள். மற்றவர்கள் எல்லோரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் மட்டும் கரையில் யார் வந்து நிற்கிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பேன்.