நாரைகளும் என் சகலையும்

விலையுயர்ந்த கேமராவைக் கண்டால் நாரைகள்கூட மயங்கி நிற்கும் என்று நான் நம்பிக்கொண்டிருக்கிறேன். இல்லாவிட்டால், மலாயாவில் பத்து பாகாட் ஊருக்கு வெளியே இருக்கும் இந்த ஏரியில், என் பெட்டிக் கேமராவைக் கண்டதும் பறந்து ஓடுகிறவை, என் சகலையின் ஜெர்மன் கேமராவுக்கு மட்டும் மணவறையில் உட்கார்ந்ததுபோல் அசையாமல் நிற்குமா? யார் எடுக்கும் படம் நன்றாக வருகிறதோ அதைத்தான் கூடத்துச் சுவரில் மாட்டுவதாக மாமனார் சொல்லியிருக்கிறார். அந்தச் சுவரில் ஏற்கெனவே சகலையின் படங்களுக்கு நடுவே பல்லி ஓடக்கூட இடமில்லை.

சகலை முழங்காலளவு தண்ணீரில் நிற்கிறார். கரையில், மீன் பிடிக்க வந்த ரப்பர்த் தோட்டத்துப் பெண் ஒருத்தி வெற்றிலை மென்றுகொண்டிருக்கிறாள்.

“இங்க முதலை இருக்காம்மா?” என்று கேட்கிறேன்.

“எப்பவாச்சும் வரும் லா. வந்தாலும் அந்த ஐயாவத்தான் மொதல்ல புடிக்கும். நீங்கதான் கரையவிட்டு எறங்கலையே!”

முதலையிடமும் அவருக்குத்தான் முதல் மரியாதையா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, சகலையைத் தாண்டிப் போகிறேன். சேற்றுக்குள் ஏதோ என் காலைக் கவ்வுகிறது.

“ஐயோ, முதலை! சகலை, உங்களப் புடிக்க வந்தது, ஆள் மாறி என்னப் புடிச்சிருச்சு!”

“அலமாக்! அது மீனுக்கு நான் வச்ச கூடைங்க! ஒடச்சிராதீங்க!” என்று கரையிலிருந்து அவள் கத்துகிறாள்.

என் கால் கூடைக்குள் மாட்டியிருக்கிறது. என் அலறலில் நாரைகள் அத்தனையும் ஒன்றாகச் சிறகு விரித்து எழும்புகின்றன. அவை எப்போது எழும்பும் என்று காலையிலிருந்து காத்திருந்த சகலை, படத்தை எடுத்துவிட்டார்.