முதலில் அட்டை, பிறகு புத்தகம்: செலின் நினைவாக

செவ்வாய்க்கிழமை காலை ஏழேமுக்காலுக்கு டோல்கேட்டில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது எங்கள் எழுத்தாளர் குழுவுக்கு ஒரு செய்தி வந்தது. 'செலின் இன்று விடியற்காலை இறந்துவிட்டாள். மாலை அடக்கம்.' செலினின் எண்ணிலிருந்தே வந்திருந்தது. அவருடைய கணவர் அந்தோணி அதை அனுப்பியிருக்கிறார் என்று எனக்குப் புரிவதற்குள் இரண்டு பஸ் போய்விட்டன. அந்த எண்ணிலிருந்து ஆறு வருடங்களாக எங்களுக்கு வந்ததெல்லாம் படங்கள்தான். புத்தக அட்டை, வெளியீட்டு அழைப்பு, பிறந்தநாள் வாழ்த்து. வெறும் எழுத்தாக ஒன்று வந்தது அதுதான் முதல்முறை.

செலினை அறிந்த உங்களிடம் நான் பொய் சொல்லக் கூடாது. எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, பயம். செலினின் நாவல் இன்னும் மூன்று வாரத்துக்குள் வெளியாகிறது என்று ஒரு போஸ்டர் அப்போது ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. அதைச் செய்து அனுப்பியவன் நான். அப்படி ஒரு நாவல் இருக்கிறதா இல்லையா என்பதே எனக்குத் தெரியாது.

செலின் ராயபுரத்துக்காரர், என் வயதுதான். எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கண்டெய்னர் யார்டில், லாரிகளுக்கு கேட் பாஸ் எழுதும் வேலை. திருவொற்றியூரில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில், ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு கூடும் எங்கள் குழுவில் ஏழு பேர். ஐம்பது பிரதி அச்சடித்தால் நாற்பதைச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்துவிடும் எழுத்தாளர்கள். எங்கள் புத்தகத்தைப் பற்றி நாங்களே தண்டோரா போட்டால்தான் உண்டு. எங்களுக்கு இருந்ததெல்லாம் செலினும், அவர் போனில் இருந்த மூன்று இலவசச் செயலிகளும்தான். ஒன்றில் போஸ்டர் செய்வார். இன்னொன்றில், எங்கள் போட்டோவில் முகத்துக்குப் பின்னால் தெரியும் துணிக்கொடியையும் கேஸ் சிலிண்டரையும் அழிப்பார். மூன்றாவது செயலியிடம் அட்டைப் படத்தைக் கொடுத்தால், அதைத் தடித்த புத்தகமாக்கி, ஒரு மேஜைமேல் நிழல் விழ நிற்கவைத்துக் காட்டும். லாரி வராத நேரத்தில், கேட் பாஸ் கட்டின்மேல் போனைச் சாய்த்துவைத்து இத்தனையும் செய்வார்.

என் முதல் தொகுப்புக்கு, செயலி இலவசமாகக் கொடுத்த படங்களில் ஒன்றை நானே தேர்ந்தெடுத்திருந்தேன். பனி மூடிய மலை, கீழே ஏரி. செலின் அதைப் பார்த்துவிட்டு, "எண்ணூர்ல ஏது மலை? உன் கதைல ஒரு ஆளாவது ஸ்வெட்டர் போட்டுகினு கீறானா?" என்றார். அடுத்த சனிக்கிழமை என்னை எண்ணூர் முகத்துவாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். வழுக்கி விழுந்துவிடுவாரோ, போன் தண்ணீரில் விழுந்துவிடுமோ, வெயில் போய்விடுமோ என்று நான் கரையில் நின்று புலம்பிக்கொண்டிருக்க, அவர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சாம்பல் சேற்றில் இறங்கி, ஒரு படகையும் பின்னால் நிற்கும் புகைபோக்கிகளையும் நாற்பது முறை படம் எடுத்தார். அந்த அட்டையைப் பார்த்துவிட்டு, 'இது நம்ம பக்கம் மாதிரி இருக்கே' என்று என் அக்கா கணவர் புத்தகத்தைக் கையில் எடுத்தார். நான் எழுதியதில் அவர் முழுசாகப் படித்தது அது ஒன்றுதான்.

இப்படிச் சொன்னால் அவர் பெரிய தைரியசாலி என்று நினைப்பீர்கள். இலவசமாகக் கிடைத்த எதன்மேலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. கூட்டம் தொடங்கும் முன் ஒவ்வொருவராகப் பிடித்து, படங்களை டவுன்லோடு செய்து வைத்தாயா என்று கேட்பார். "ஓசில குடுக்குறவன் ஒரு நாள் சொல்லாம கொள்ளாம எடுத்துகினு பூடுவான். ஒயுங்கா எறக்கி வெச்சிக்கோ" என்பார். அவர் பயந்தது நடக்கவும் செய்தது. என் புத்தக வெளியீட்டுக்கு இரண்டு நாள் முன்பு, பின்னணியை அழிக்கும் வசதிமேல் கிரீடச் சின்னம் வந்து உட்கார்ந்துகொண்டது. காசு கட்டினால்தான் வேலை செய்யுமாம். செலின் ராயபுரம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, என் போட்டோவின் ஓரத்தை ஒன்றரை மணிநேரம் விரலாலேயே தேய்த்துத் தேய்த்து அழித்தார். என் இடது காதில் பாதி போய்விட்டது. அந்த அரைக்காதோடுதான் நான் எல்லாப் போஸ்டரிலும் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாவது புத்தகத்தில்தான் எங்களுக்குள் சண்டை வந்தது. ஒரு நாவலைத் தொடங்கி, நான்காவது அத்தியாயத்தில் ஒன்றரை வருடமாக நின்றிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், செலின் அந்த நாவலின் அட்டையைச் செய்து, முந்நூறு பக்கப் புத்தகமாக மேஜைமேல் நிற்கவைத்து, தேதியும் போட்டு எல்லாக் குழுவுக்கும் அனுப்பிவிட்டார். மறுநாள் நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, கையெழுத்துப் போட்டு ஒரு பிரதி வேண்டும் என்றார். நிழலோடு நிற்கும் புத்தகத்தைப் படம் என்று யார் நம்புவார்கள்? போன் செய்து கத்தினேன். செலின் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இன்னா பொய் சொல்லிட்டேன்? வரும்னுதான போட்டேன். நீ எய்தினா நெசம், எய்தலனா பொய். உன் கைலதான கீது."

நாற்பத்திரண்டு நாளில் எழுதி முடித்தேன். எனக்கு ரத்த அழுத்த மாத்திரை ஆரம்பித்ததும் அந்த நாற்பத்திரண்டு நாளில்தான். ஆனால் புத்தகம் வந்தது. அதற்காக அவருக்கு நான் ஒழுங்காக நன்றிகூடச் சொல்லவில்லை.

செலினும் ஒரு நாவல் வைத்திருந்தார். யார்டைப் பற்றியது. எவ்வளவு ஆயிற்று என்று எப்போது கேட்டாலும் பத்து பக்கம் என்பார். ஆறு வருடமாக அதே பத்து பக்கம். இந்த முறை என் முறை என்று முடிவு செய்தேன். அந்த மூன்று செயலிகளையும் ரகசியமாகக் கற்றுக்கொண்டேன். யார்டின் கேட்டைப் படமெடுத்தேன். அவர் பெயரைப் பெரிதாகப் போட்டு, புத்தகத்தை மேஜைமேல் நிற்கவைத்து, பத்து வாரம் தள்ளி ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து, ஒரு மதியத்தில் அனுப்பினேன். என் கைவேலையை நானே பத்து முறை எடுத்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் லாரி டிரைவர்களெல்லாம் அதை ஒருவருக்கொருவர் அனுப்ப ஆரம்பித்திருந்தார்கள், நம்ம கேட் மேடம் புக்கு என்று.

செலினிடமிருந்து இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் போன் செய்தார். குரலில் கோபம் இல்லை, ஏதோ சோர்வு. "தேதிய மாத்து சேகரு. ஒரு மூணு மாசம் தள்ளி போடு" என்றார். நான் அதற்காகவே காத்திருந்தவன் போல, அவர் எனக்குச் சொன்னதை அப்படியே அவருக்குத் திருப்பிச் சொன்னேன். உன் கைலதான கீது என்றேன். அவர் சரி என்று சொல்லி வைத்துவிட்டார். அடுத்த மூன்று கூட்டங்களுக்கும் வரவில்லை. கோபமாக இருப்பார் என்று பயந்து நானும் போன் செய்யவில்லை. இனிமேல் செய்யவும் முடியாது.

அடக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேர் டிரைவர்கள். அதில் ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, புத்தகம் வருமா என்று மெதுவாகக் கேட்டார். காதில் விழாதவன்போல் நகர்ந்துவிட்டேன். அந்தோணி துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்பவர், அதிகம் பேசமாட்டார். என் கையைப் பிடித்து, "ஞாயித்துக்கெயம வூட்டாண்ட வா. பேசணும்" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஐந்து நாளை நான் எப்படிக் கழித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. போஸ்டரைக் குழுவிலிருந்து அழித்தேன். என்ன பயன்? அது நூறு பேர் போனில் இருந்தது. வியாழக்கிழமை என் அக்கா மகன் அதை எனக்கே அனுப்பி, 'மாமா, போறீங்களா?' என்று கேட்டிருந்தான். அவரைக் கொண்டுபோன மாரடைப்பு எதனால் வருகிறது என்று போனில் தேடித் தேடிப் படித்தேன். படித்ததில் பாதி, கவலையால் வருகிறது என்றது.

ஞாயிற்றுக்கிழமை அந்தோணி ஒரு கட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். ரத்தான கேட் பாஸ்கள், நூல் போட்டுக் கட்டியிருந்தது. திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் செலினின் கையெழுத்து.

"தேதிய மாத்த மாட்டேன்னு நீ சொன்ன அன்னிலேர்ந்து எய்தினா" என்றார் அந்தோணி. "உன்ன திட்டிகினேதான் எய்தினா. கடைசி அத்தியாயம் மட்டும் இல்ல."

நான் கேட்க வந்ததைக் கேட்டேன். நான் அவசரப்படுத்தியதால்தான் இப்படி ஆயிற்றா என்று. இல்லை என்று அவர் உடனே சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

"தெரியல பா. ரொம்ப நாளா இருந்த அடைப்புன்றாரு டாக்டரு. போன வாரம் நெஞ்சு எரியுதுன்னா, நான் சோடா வாங்கி குடுத்தேன். அது எனுக்கு. தேதி உனுக்கு. ரெண்டு பேரும் வெச்சிக்க வேண்டியதுதான்."

பிறகு, தேதியை மாற்றவேண்டாம் என்றார்.

அந்தத் தாள்கட்டைக் குழுவில் மிச்சமிருந்த ஆறு பேரும் பங்கிட்டு எடுத்துப்போய்த் தட்டச்சு செய்தோம். கடைசி அத்தியாயத்தை நான் எழுதிவிடலாம் என்று குழுவில் ஒருவர் சொன்னார். அந்தோணி ஒப்பவில்லை, நானும் ஒப்பவில்லை. கடைசிப் பக்கத்தில், 'இதற்கு மேல் செலின் எழுதவில்லை' என்று அச்சாகியிருக்கிறது.

அதன்பின் அழைப்பைத் திருத்த உட்கார்ந்தேன். வரவேற்புரை, நூல் வெளியீடு, முதல் பிரதி, வாழ்த்துரை எல்லாம் அப்படியே இருக்கலாம். அடியில் ஒரு வரி: ஏற்புரை, செலின். எல்லோரும் பாராட்டிப் பேசிய பிறகு நூலாசிரியர் மேடையேறிப் பதில் சொல்லும் இடம். செயலியில் அந்தப் பெயரைத் தொட்டால் ஒரு நீலக் கட்டம் வருகிறது. அழிக்கும் குறியைத் தொட்டால் போய்விடும். அரைமணிநேரம் அந்த நீலக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பெயரைப் போடச் சொன்னார்கள். எனக்கு அந்தத் தகுதி இல்லை. கடைசியில் அந்தோணிக்கு போன் செய்து, என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

"என் பேர போடு" என்றார். "எனுக்கு பேச வராது. ரெண்டு நிமிசம் நின்னுட்டு எறங்கிடறேன். அவ எடம் காலியா இருக்க கூடாது."

வரும் ஞாயிற்றுக்கிழமை அவர் நிற்பார். செலினை அறிந்தவர்கள் வந்து அந்த இரண்டு நிமிடம் எதிரில் உட்கார்ந்திருங்கள்.

கட்டைத் திருப்பிக் கொடுத்தபோது, ஒரே ஒரு தாளை அந்தோணியிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு நாளும் எழுத உட்காரும்போது, செலின் தாளின் மேல்மூலையில் மிச்சமிருக்கும் நாளைக் குறித்திருக்கிறார். முதல் தாளில் 'இன்னும் 67' என்று இருக்கிறது. என்னிடம் இருப்பது கடைசித் தாள், இறப்பதற்கு முதல்நாள் திங்கட்கிழமை எழுதியது. 'இன்னும் 20 நாள் கீது. பாவி சேகரு, முடிச்சிருவேன்.' என்னை மன்னித்தாரா என்று அதில் எழுதவில்லை. எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். முடித்துவிடுவேன் என்றுதான் எழுதியிருக்கிறார்.